நிச்சயதார்த்தத்துக்கு பூ: ஆர்டர் சொல்றதுக்கு முன்னாடி படிச்சிருங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. மண்டப டெக்கரேசன் நாமளே பண்றதுன்னு முடிவாயிருச்சு, பூவ மொத்தமா கோயமுத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டு பூ மார்க்கெட்டுல எடுத்துக்கலாமுங்க. முகூர்த்த நாள்ல வெலை தாறுமாறா ஏறும், அதனால கடைக்காரர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிரோணும். ரோஸ் பொதுவா கட்டுக்கு 20 பூ, ஜெர்பரா 10 பூ தான், அத வெச்சு கணக்கு போடுங்க. ரோஸ் பாதி விரிஞ்சதா பாத்து எடுக்கோணும், முழுசா விரிஞ்சது மேடைக்கு ஏறுறதுக்குள்ள கொட்டிரும். கார்னேசன் நம்ம நீலகிரிலயே வெளையுது, நல்லா தாங்கும், எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சது, ஆனா மொட்டா வந்தா விரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும் அதனால அத மட்டும் முன்கூட்டியே வாங்கிரலாம்.

வந்தவொடனே காம்ப சாய்வா வெட்டி, தண்ணிக்குள்ள மூழ்குற எலைய உருவிட்டு பக்கெட்ல நிறுத்தோணும், ஜெர்பராவுக்கு மட்டும் தண்ணி கம்மியா ஊத்துங்க, இல்லீன்னா காம்பு அழுகிரும். வாழத்தார் இருக்கற ரூம்ல தயவுசெஞ்சு பூவ வைக்காதீங்க, பழுக்கற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயுவுக்கு கார்னேசன் சீக்கிரம் சுருங்கிரும். லில்லி நடுவுல இருக்கற மகரந்தத்த கிள்ளிருங்க, பட்டுச்சேலைல பட்டா கறை லேசுல போகாது. பக்கெட், கத்தி இருக்கறவங்க கொண்டாங்க, யாரெல்லாம் வர்றீங்கன்னு இங்கயே போட்டுருங்க.