தீனி முடிந்ததும் வரும் அழுகை

அன்புள்ள பெற்றோருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும்,

விசுக்கோத்தோ ஐஸ்பழமோ முடிந்ததும் நிலத்தில் புரண்டு அழும் பிள்ளையை என்ன செய்வதென்று சின்ன வகுப்புப் பெற்றோர் பலர் கேட்கிறீர்கள்.

இரண்டு, மூன்று வயதில் இது குணக்கேடு அல்ல. ஆசையை அடக்கும் மூளைப்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மனதில் உள்ளதைச் சொல்லப் பேச்சும் போதாது. அழுகை தொடங்கிய பிறகு விளக்கம் ஏறாது. செய்ய வேண்டியதில் பெரும்பகுதி தீனியைக் கொடுப்பதற்கு முன்னரே இருக்கிறது.

பெட்டியோடு நீட்டாதீர்கள். இரண்டு விசுக்கோத்தைத் தட்டில் வைத்து, டின்னை மூடி அலுமாரிக்குள் வைத்த பிறகே தட்டைக் கொடுங்கள். டின் கண்ணில் பட்டால் "முடிஞ்சு போச்சு" என்பதைப் பிள்ளை நம்பாது. கடைசித் துண்டைக் கையில் எடுக்கும்போது, "இதுதான் கடைசி. திண்டு முடிய கை கழுவிப்போட்டு விளையாடுவம்" என்று சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், "ஒரு சாமான்தான் வாங்குவம்" என்பதை வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்கு முன்னால் நின்று சொன்னால் பிந்திவிட்டது.

அப்படியும் அழுதால் பக்கத்தில் குந்தி, "இன்னும் வேணுமெண்டு கவலையா இருக்கு, என்ன மனே? முடிஞ்சு போச்சு" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைக் குறையுங்கள். தலை அடிபடாமல் கதிரையை நகர்த்திவிட்டு அருகிலேயே இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். வாய்க்குள் தீனி இருந்தால் துப்பச் சொல்லுங்கள்; அழுது மூச்சை இழுக்கும்போது புரைக்கேறும். விரலை விட்டுத் துழாவ வேண்டாம், தீனி உள்ளே போய்விடும். முழுக் கச்சானும் கெட்டி ரொபியும் இந்த வயதுக்கு ஒருபோதும் கூடாது.

அழுகையின் உச்சத்தில் இன்னொன்றை எடுத்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. மூன்று நாள் மறுத்து நாலாம் நாள் கொடுத்தால், விடாமல் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. கொடுக்க மனமிருந்தால் முதல்தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். அம்மா மறுத்ததை அம்மம்மா கொடுத்தாலும் இதேதான். "காகம் கொண்டுபோயிற்று", "டொக்டர் ஊசி போடுவார்" என்றெல்லாம் சொல்ல வேண்டாம். நாளைக்குக் கிளினிக்கில் ஊசிக்குக் கை நீட்ட வேண்டிய பிள்ளையல்லவா?

சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தால் அது பசியாக இருக்கலாம். வாழைப்பழமா, தயிர்ச்சோறா என்று கேட்டுக் கொடுங்கள், இனிப்பு வேண்டாம்.

அழும்போது மூச்சடங்கி உதடு நீலமானால் வைத்தியரிடம் காட்டுங்கள். தன்னையே காயப்படுத்தினாலோ, நாளுக்குப் பலமுறை நெடுநேரம் அழுதாலோ உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

இங்கு சிற்றுண்டி நேரத்தில் ஆசிரியைகள் "இதுதான் கடைசி", "முடிஞ்சு போச்சு" என்ற இதே சொற்களைத்தான் சொல்வார்கள். வீட்டிலும் அவற்றையே சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை
முன்பள்ளி, மட்டக்களப்பு