பாசிக்குப் போகிறவளுக்கு

அன்புள்ள செல்வி,

நலம், நலமறிய ஆவல். உனக்கு நாலு மாசம் என்று அம்மா போனில் சொன்னாள். எனக்கே ஆறு மாசம் ஆனதால் குதிக்காமல் உட்கார்ந்தபடியே சந்தோஷப்பட்டேன். அடுத்த பேச்சிலேயே, “அவ இன்னும் கடல்ல முங்கிப் பாசி எடுக்கத்தான் போறா” என்றாள். போனில் கேட்டால் ‘சரி சரி’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அம்மாவும் உன்னைச் சுமந்துகொண்டு முங்கினவள்தான் என்பாய். தெரியும். உன்னைப் படுத்துக் கிடக்கவும் சொல்லவில்லை; அதைச் சொல்ல இங்கே என் மாமியார் இருக்கிறார். வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரைமணி, நடக்கலாம் என்று நர்ஸ் அக்கா சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்கணுமே! நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது, அதுதான் அளவாம். எனக்கு எப்பவுமே பாட வராது; பாட்டு டீச்சரைக் கேள். வெயில் ஏறும் முன்னே தொண்டிக் கரையில் நடந்து முடித்துவிடுகிறேன். மல்லாக்கப் படுத்துச் செய்யும் பயிற்சி மட்டும் வேண்டாமாம், வயிற்றுப் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்துமாம்.

முங்குவது வேறடி. விரலில் துணி, காலில் தகடு, மூச்சை அடக்கிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கிறாய். இந்த நேரத்தில் மூட்டெல்லாம் இளகிக் கிடக்கும், வயிறு முன்னே இழுக்கும். தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, அலை ஒரு தள்ளு தள்ளினால் அடி எங்கே படும்? கடலே ஆகாது என்று சொல்லவில்லை. பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அசையாமல் கிடக்கும் காலையில், மதினியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நீந்து. பாரத்தைத் தண்ணீர் தாங்கும், முதுகுக்குச் சுகம்.

இன்னொன்று. ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றார்களாமே, நிஜமா? அப்படியானால் மேலே எழுதியது எதுவும் உனக்கில்லை. டாக்டரைக் கேட்காமல் நீந்தவும் வேண்டாம், நடையும் வேண்டாம். ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம் எது வந்தாலோ வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. விளையாட்டில்லை செல்வி.

காசுதான் கவலை என்றால், கரையில் பாசியை உலர்த்தி உதறும் வேலையைக் கேள், அதுவும் நிழலில் உட்கார்ந்து. கர்ப்பிணிகளுக்கு அரசு பணம் கொடுக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்குப் பெயர் பதிந்தாயா?

ஸ்கேன் காகிதத்தைக் காட்டி டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. அம்மாவிடம் கருவாடு கொடுத்தனுப்பு. போன தடவை மாதிரி தலை மட்டும் அனுப்பாதே.

உன்,
மேரி