விரலுக்குள் ஒளித்த காந்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், விரல் நுனியில் காந்தம் பதித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விரலில் ஊக்கு ஒட்டித் தொங்கும் படத்தையும் பார்த்தேன். அந்தப் படத்திற்குப் பிறகு நடப்பதை என் குடும்பத்திலேயே கண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அக்காள் மகன் மின்னியல் படிக்கிறான். கெட்டிக்காரன். இணையத்தில் சில ரிங்கிட்டுக்கு, சிறிதானாலும் மிக வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றை வாங்கினான். அரைத் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். ஓர் இரவு அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, இடது மோதிர விரலைப் பனிக்கட்டியில் மரத்துப்போக வைத்து, பிளேடால் கீறி அதை உள்ளே தள்ளிவிட்டான். காயத்தை ஒட்டியது பசை.

“மிக்ஸி ஓடும்போது விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே வண்டு முரலுவதுபோல் இருந்தது சின்னம்மா” என்று பிறகு சொன்னான். பொய்யில்லை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. அது மோட்டாரைச் சுற்றி எழுப்பும் காந்தப்புலமும் அப்படியே அலைய, அதற்கேற்ப உள்ளிருக்கும் காந்தம் துடிக்க, விரல் நுனி நரம்புகள் அதை உணர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைத் தொட்டறியும் அந்த ஆசையை நான் பழிக்கமாட்டேன்.

ஆனால் நியோடிமியம் காந்தத்தில் பெரும்பகுதி இரும்பு. ஈரம் பட்டால் அரித்து உதிர்ந்துவிடும். அதனால்தான் நிக்கல் பூசி விற்கிறார்கள். அந்தப் பூச்சு மேசைக்கும் பொம்மைக்கும் போதும், உடம்புக்குள் நிற்காது. மயிரிழை விரிசல் விழுந்தாலும் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். கிருமி நீக்குவதும் எளிதில்லை. மருத்துவக் கருவிகளை 121 பாகை செல்சியஸ் சூட்டு நீராவியில் வைக்கிறோம். சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 பாகையைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். இது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ஸ்பிரிட்டில் ஊறவைத்தானாம். நரம்பிசிவு (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் ஸ்பிரிட்டில் சாவதில்லை என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

பதினோரு நாள் மறைத்தான். வலக்கையால் சோறு பிசைவான், இடக்கை மேசைக்கு அடியிலேயே இருக்கும். ஒருநாள் வாளியைத் தூக்க முடியாமல் அலறியபோதுதான் அக்காள் பார்த்தாள். விரல் நுனி கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று வீங்கியிருந்தது. விரல் நுனிச் சதை சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருப்பது. அங்கே சீழ் கோத்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படும், எலும்பு வரைக்கும் அழுகிப்போகலாம். அறுவைச் சிகிச்சையில் காந்தம் முழுதாக வரவில்லை. துண்டுகள் இடுக்கியில் ஒட்டிக்கொண்டு விடவேயில்லையாம். இன்றும் அந்த விரல் நுனிக்குச் சூடு, குளிர் சரியாகத் தெரிவதில்லை.

“தைப்பூசத்தில் அலகு குத்துகிறோமே, இது மட்டும் என்ன?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் முதலுதவிப் பந்தலில் பல ஆண்டுகள் தொண்டு செய்திருக்கிறேன். அலகு குத்துபவர் பழகிய கை. குத்திக்கொள்பவர் விரதமிருந்து வருகிறார். சுற்றிலும் குடும்பமே நிற்கிறது. மயங்கினால் தாங்க ஆள் உண்டு. நேர்த்தி முடிந்ததும் அலகை எடுத்துத் திருநீறு வைத்துவிடுகிறார்கள். தாழிட்ட அறையில் தனியாகச் செய்துகொண்டு, உள்ளேயே விட்டு வைப்பதை அதனோடு எப்படி ஒப்பிடுவது?

பேராசிரியர்களே செய்திருக்கிறார்கள் என்று என் மகனும் வாதிட்டான். 1998-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக் கையில் சிப் வைத்துக்கொண்டது உண்மைதான். வைத்தவர் மருத்துவர். ஒன்பதே நாளில் எடுத்தும்விட்டார்கள்.

எனக்குத் தூக்கம் கெடுப்பது, பெரிய காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைதான். உடம்பில் உலோகம் உண்டா என்று அங்கே கேட்காமல் உள்ளே விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து நினைவின்றி வந்தவனிடம் யார் கேட்பது? அந்த இயந்திரத்தின் காந்தம் விரலுக்குள் இருப்பதைத் திருகி இழுக்கும். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் சொல்லிவிடுவார்கள்.

ஏன் மறைத்தாய் என்று அக்காள் மகனிடம் கேட்டேன். “அப்பா அடிப்பார், கிளினிக்கில் சிரிப்பார்கள்” என்றான். இருபது வயதுப் பையன். பெற்றோரே, திட்டுவதைக் காயம் ஆறியபின் வைத்துக்கொள்ளுங்கள். என்னோடு பணியாற்றிய தாதியரையும் கேட்டுக்கொள்கிறேன், அப்படி ஒரு பிள்ளை வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் படத்தை மீண்டும் வெளியிடும் நாளில் இதையும் பக்கத்தில் போடுங்கள். விரலில் காந்தத்தோடு இதைப் படிக்கும் தம்பி, தங்கை யாராவது இருந்தால், சிவந்தாலோ, துடித்தாலோ, தோலுக்கடியில் கறுப்புத் தெரிந்தாலோ அன்றைக்கே கிளினிக்கிற்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் காந்தம் இருப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.