செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மே 30, உலக எம்.எஸ். தினக் கூட்டத்தை மாலையில் வைத்தோம். எம்.எஸ். என்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்; வெயில் ஏறினால் நம்மில் பலருக்குக் கால் தளரும், பார்வை மங்கும்.

இந்த ஆண்டு சமூகப் பணியாளரின் நேரம் பெரும்பாலும் ஊனச் சான்றிதழுக்கே போனது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ்ஸும் உண்டு. ஆனால் குறைந்தது 40 சதவீத ஊனம் என்று சான்று வந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். இன்று நடப்பவர் அடுத்த வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார். அதுதான் இந்த நோய். நடக்க முடிந்த நாளில் பரிசோதனைக்குப் போனால், "நல்லாத்தானே இருக்கீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அசதியோ சிறுநீர்த் தொல்லையோ பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதே.

அப்படித் திரும்பி வந்த ஒரு சகோதரியை, தினமும் எது முடிந்தது, எது முடியவில்லை என்று நோட்டில் எழுதச் சொன்னார் நம் பணியாளர். எம்.ஆர்.ஐ. அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் தேதி வாரியாக அடுக்கி, அடுத்த முறை கூடவே போனார். சான்று கிடைத்தது. இப்போது மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்க்கு விண்ணப்பித்திருக்கிறார். அதைவிட, தன் பேச்சை நம்ப ஒருவர் இருந்தார் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

வேலை விஷயத்தில் நிலைமை கலவைதான். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 20-ஆம் பிரிவு. நம் உறுப்பினரான ஆசிரியை ஒருவர் அதைக் காட்டித்தான் மாடி வகுப்பிலிருந்து தரைத்தள வகுப்புக்கு மாற்றம் கேட்டு வாங்கினார். தனியார் ஊழியர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அரசு வேலை இட ஒதுக்கீட்டுக்கான 34-ஆம் பிரிவிலும் எம்.எஸ். பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. இது நியாயமே இல்லை. மனு அனுப்பியாக வேண்டும்.

அப்புறம், வீடுகள். இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. மருமகளின் அசதியைச் சோம்பேறித்தனம் என்று நினைத்த குடும்பங்களோடு பணியாளர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். சில வீடுகளில் மாமியாரே இப்போது ஊசி மருந்தை நேரம் தவறாமல் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்கிறார்.

இத்தனையும் வாரம் இரண்டு நாள் வேலையில் நடந்தவை. வரும் ஆண்டிலிருந்து பணியாளரை முழுநேரமாக நியமிக்கவும், அதற்குச் சந்தாவை உயர்த்தவும் தீர்மானம் முன்மொழிகிறேன்.