கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் எங்கள் விசுவமடு, தருமபுரம் பக்கத்தில் பிரிட்ஜ் உள்ள வீடுகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். சந்தையில் வாங்கிய மரக்கறியைச் சொப்பிங் பையோடு அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சில நாளில் கத்தரிக்காயில் குழி விழுகிறது, வெட்டினால் விதை கறுத்துக் கிடக்கிறது. வெண்டிக்காய் வழுவழுத்துப் போகிறது. பிறகு குப்பைக் கிடங்குதான். தோட்டக்காரர் வெயிலில் நின்று தண்ணீர் இறைத்து விளைவித்த பொருள் இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

கத்தரி, வெண்டி, தக்காளி, கெக்கரி எல்லாம் சூட்டுக்குப் பழகிய பயிர்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே கனநாள் தாங்காது. வீட்டுப் பிரிட்ஜில் இருப்பதோ 4 பாகை அளவு. கரட், கோவா, லீக்ஸ் போன்ற மலைநாட்டு மரக்கறிகளுக்கு அந்தக் குளிர் சரி.

எங்கள் கத்தரிக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் மின்சாரம் தேவைப்படாத ஒரு பெட்டியை வடிவமைத்தது. நிழலில் செங்கல் பரப்பி, சுற்றிவர இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் 3 அங்குல இடைவெளி விட்டு ஆற்றுமணல் நிரப்ப வேண்டும். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளித்து, மேலே ஈரச் சாக்கால் மூட வேண்டும், அவ்வளவுதான். மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்குக் குளிரும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வறண்டு வீசும் மாதங்களில் வன்னிக்கு இதைவிடப் பொருத்தமானது என்ன? மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும். செங்கல்லுக்கு வசதியில்லாதவர்கள் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, இடையில் ஈரமணல் போடலாம்.

கீரைப்பிடியைக் கழுவாமல் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பழம் விடும் எதிலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். முற்றிய பூசணிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. காம்போடு வெட்டி, ஈரம் படாமல் பலகையில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். என் மாமி கட்டிலுக்குக் கீழேதான் வைப்பார்.

மாதர் சங்கங்கள் கூடும் பொதுநோக்கு மண்டப முற்றங்களில் இப்படியொரு பெட்டியைக் கட்டிக்காட்ட விவசாயப் போதனாசிரியர்கள் முன்வர வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டால் எங்கள் பெண்கள் தாங்களே கட்டிவிடுவார்கள். தங்கள் பத்திரிகையும் அளவுகளோடு ஒரு படம் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடும்பப் பெண் ஒருவர்,
விசுவமடு.