நேர்காணல் கேள்விகளைத் தையல் லைனில் வேலை செய்பவர்கள் திருத்தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கும் ஆலை ஒன்றில் ஸ்டிச்சிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆபரேட்டராகச் சேர்ந்து மேலே வந்தவள். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருகிறேன். அதற்கான கேள்விகளை இப்போது எங்கள் அலுவலகத்தில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்குகிறார்கள். அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வேலை தெரிந்த ஒருவர் படித்துத் திருத்தாமல் அந்தக் கேள்விகளை யார் முன்னாலும் வைக்கக்கூடாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏன் வரவேற்கிறேன் என்றால், முன்பு நடந்த நேர்காணல்கள் அப்படி. எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று கேட்டு முடித்துவிடுவார்கள். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தெருவைக் கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-ல் வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. இருந்தும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பது நிற்கவில்லை. கைத்திறனை மட்டும் சோதிக்கும் கேள்விகளை முன்கூட்டியே அச்சடித்து, எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்டால் இந்த விசாரணைக்கு இடமே இருக்காது.

இனி குறைக்கு வருகிறேன். போஸ்ட் பெட் மெஷின் (தூண் மாதிரி உயர்ந்த மேடையில் வைத்து ஷூ தைக்கும் மெஷின்) ஆபரேட்டருக்கு என்று எடுத்த கேள்விகளில் ஒன்று: ‘தையல் கோடு விலகிப் போனால் என்ன செய்வீர்கள்?’ நல்ல கேள்விதான். ஆனால் சரியான பதில் என்று அதன் கீழே வந்திருந்தது, ‘தையலைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி தைப்பேன்’. இது ரெடிமேட் துணிக் கம்பெனிக்குப் பொருந்தும். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது. பிரித்துத் திரும்ப அடித்தால் ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஓட்டை விழுந்து, அந்த இடம் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். தெரிந்த பெண் என்ன சொல்வாள்? ‘மெஷினை நிறுத்தி சூப்பர்வைசரிடம் காட்டுவேன். பீஸ் மாற்ற வேண்டுமென்றால் ஜோடியில் இருக்கும் மற்ற காலோடு கலரும் கிரெய்னும் (தோலின் மேற்பரப்பு வரி) சேருகிறதா என்று பார்ப்பேன்’ என்பாள். அலுவலகம் வைத்திருந்த தாளின்படி அவளுக்குப் பூஜ்யம். தோலைத் தொட்டே பார்க்காதவளுக்கு முழு மதிப்பெண்.

இதற்குக் கருவியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ‘தையல் ஆபரேட்டர் வேலைக்குப் பத்துக் கேள்வி’ என்று ஒரு வரி கொடுத்தால் அதற்கு வேறென்ன தெரியும்? என்ன மெஷின், ஒற்றை ஊசியா இரட்டை ஊசியா, ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விட்டுத் தைக்க வேண்டும், எந்தத் தப்பால் மால் அதிகம் ரிஜெக்ட் ஆகிறது என்று லைனில் இருப்பவர்கள் உட்கார்ந்து எழுதித் தந்தோம். அதற்குப் பிறகு வந்தவை வேறு தரம். ஸ்கைவிங், அதாவது தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கும் வேலைக்கு, ‘ஓரம் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று ஒரு கேள்வி. கத்தி மழுங்கியிருக்கிறதா, தோலை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட் சரியாக நிற்கிறதா, ரோலரில் தோல் தூள் அடைத்திருக்கிறதா என்று வேலை செய்தவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். செய்யாதவர்கள் விழித்தார்கள்.

இன்னொரு நல்லதையும் சொல்ல வேண்டும். முதலில் உள்ளே போய் வந்தவர் வெளியே காத்திருப்பவர்களிடம் கேள்வியைச் சொல்லிவிடுவார். இப்போது ஒரே திறனைச் சோதிக்கும் நாலைந்து கேள்விகளைச் சம கடினத்தில் கேட்டு வாங்கி மாற்றி மாற்றி வைக்கிறோம். எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் ஆட்கள் வருவதற்கு முன்பே நாங்கள் எழுதிவிடுகிறோம்.

தமிழும் கவனிக்க வேண்டிய விஷயம். ‘பணியிடச் சவாலை எதிர்கொண்ட தருணத்தை விவரிக்கவும்’ என்று கேட்டால் எட்டாவது படித்த பெண் வாயே திறக்க மாட்டாள். வீட்டில் உருதுவும் தெலுங்கும் பேசுகிறவர்கள் எங்கள் லைனில் நிறைய. ‘மெஷின் நடுவில் மக்கர் பண்ணினால் என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள், மளமளவென்று சொல்வார்கள்.

மதிப்பெண் போடுவதையும் கருவியிடம் விட வேண்டாம். விண்ணப்பத்தாளை ஆதார் எண்ணோடு அப்படியே அதில் ஏற்றவும் வேண்டாம். நாம் தைக்கும் ஷூ போய்ச் சேரும் ஐரோப்பாவிலேயே, விண்ணப்பங்களை வடிகட்டவும் ஆட்களை மதிப்பிடவும் பயன்படும் செயற்கை நுண்ணறிவை 2024-ஆம் ஆண்டுச் சட்டம் ‘அதிக ஆபத்து’ வகையில் வைத்து, மனிதர் மேற்பார்வை கட்டாயம் என்கிறது.

வேலூரில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகாமுக்கு வரும் கம்பெனிகள் எந்தத் திறனுக்கு என்ன கேள்வி என்ற தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் அந்த வேலையைச் செய்கிற ஒருவரின் கையெழுத்தும் இருக்கட்டும். காலணி ஆலைகளுக்கு ஒரு மேசையும் ஒரு மின் இணைப்பும் கொடுத்தால், தையல் மெஷினையும் கழிவுத் தோலையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஸ்டிச்சிங் பிரிவு சூப்பர்வைசர்,
பேர்ணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.