சீனியர்களுக்குப் பகிடிவதையை விட நல்ல வேலை உண்டு

ஆசிரியர் அவர்கட்கு,

பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவர் சேரும் ஒவ்வொரு தடவையும் பகிடிவதை (ராகிங்) பற்றிய கவலை எழுகிறது; சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரையும், அதனோடு கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரையும் கடூழியச் சிறை விதிக்கலாம் என்கிறது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் வழக்கம் போகவில்லை. நமது வளாகங்களில் 'சீனியர்' என்ற நிலைக்கு அதிகாரம் இருக்கிறது, செய்வதற்கென்று ஒரு வேலை இல்லை. ஜூனியரை வதைப்பது அந்த வெற்றிடத்தில்தான் முளைக்கிறது. தடை போட்டால் மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொரு மரபை நட வேண்டும்.

அப்படி நடக்கூடியவை குவேக்கர்களின் வழிவந்த சிறிய கல்லூரிகளில் இருக்கின்றன. குவேக்கர் என்போர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். போரை மறுப்பவர்கள், மௌனமாகக் கூடியிருந்து வழிபடுவது அவர்களின் பழைய முறை. 1947இல் அமைதிக்கான நோபல் பரிசு அவர்களது இரண்டு தொண்டு அமைப்புகளுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரை ஒட்டி ஹாவர்ஃபோர்ட் (1833), ஸ்வார்த்மோர் (1864), பிரின் மார் (1885) ஆகிய கல்லூரிகளும், இந்தியானா மாநிலத்தில் ஏர்ல்ஹாமும் (1847) இவர்களால் உருவானவை. இன்று அங்கே படிப்போரில் குவேக்கர்கள் சிறுபான்மையினரே, ஆனாலும் பல பழக்கங்கள் நிலைத்துவிட்டன. ஹாவர்ஃபோர்ட்டில் மொத்தம் ஏறத்தாழ 1400 மாணவர்கள்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது திருகோணமலை வளாகமும் பெரிய பல்கலைக்கழகங்களோடு பார்த்தால் சிறியது என்பதால் அவர்களின் முறைகள் நமக்குக் கைக்கெட்டும் அளவில் உள்ளன.

ஹாவர்ஃபோர்ட்டில் புதியவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஒரே விடுதிப் பகுதியில் தங்குகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மூத்த மாணவர் சிலர் பொறுப்பு. கல்லூரியின் நேர்மைக் கோவையை, அதாவது நேர்மையாக நடப்பதற்கான விதித்தொகுப்பை, விளக்குவதற்கென்றே அவர்களில் ஒருவர் இருப்பார். அந்தக் கோவையை நிர்வாகம் எழுதிக் கொடுக்கவில்லை. மாணவர் அனைவரும் பொதுக்கூட்டத்தில் கூடி ஆண்டுதோறும் அதை மீண்டும் ஏற்க வேண்டும்; போதிய தொகையினர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. தாங்களே ஏற்ற விதி என்பதால்தான் அங்கே பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் இல்லாமலே இறுதிப் பரீட்சை நடக்கிறது, எந்த நேரத்தில் எழுதுவது என்பதையும் மாணவரே தெரிவுசெய்கிறார்.

இனி, கூட்டம் நடத்தும் முறை. நமக்கு அதிகம் பயன்படுவது இதுவே. ஹாவர்ஃபோர்ட் மாணவர் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு உண்டு. ஆனால் குவேக்கர்களின் சொந்தக் கூட்டங்களில் வாக்கெடுப்பே இல்லை. மேடை வேண்டாம், கதிரைகளை நடுவை நோக்கி நாற்புறமும் போட வேண்டும். தலைவருக்குப் பதில் ஓர் எழுத்தர் இருப்பார். அவர் தன் கருத்தை வாதாடக் கூடாது. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்து எழுதுவதே அவர் கடமை. சில நிமிட மௌனத்தோடு தொடங்குவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விட்டே அடுத்தவர் பேசுவார். கைதட்டலும் கூச்சலும் இல்லை. ஒருமனப்பாடு தெரிந்ததும் எழுத்தர் அங்கேயே மூன்று நான்கு வரியில் தீர்மானத்தை எழுதி வாசிப்பார். திருத்தம் இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். 'கூட்ட அறிக்கை அடுத்த மாதம் வரும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. உடன்படாத ஒருவர், 'எனக்குச் சம்மதமில்லை, ஆனால் தடுக்கவில்லை' என்று ஒதுங்கி நிற்கலாம். மனச்சாட்சி இடங்கொடுக்கவே இல்லை என்றால் குறுக்கே நிற்கலாம். அப்போது விடயம் ஒத்திவைக்கப்படும்.

இங்கே செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதற்கூட்டத்தில் ஐந்து நிமிட மௌனம் வைத்தால் சிரிப்பு வெடிக்கும். ஒரு நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். எழுத்தர் ஏதாவது ஓர் அணியின் ஆளாக இருந்தால் எல்லாம் பாழ். இரு தரப்பும் நம்பும் ஒருவரை முன்கூட்டியே தேடுவதில் நேரம் செலவிடலாம், தவறில்லை. ஒரு கூட்டத்துக்கு இரண்டு விடயங்கள், இரண்டு மணி நேரம், அதற்கு மேல் போனால் களைப்பில் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். 'மௌனம் சம்மதம்' என்ற நமது பழமொழியை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவரவே கூடாது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி வாய் திறக்கவில்லை என்றால் அது பயமாகவும் இருக்கலாம். எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, இதுவரை பேசாதவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்த பின்னரே எழுத வேண்டும்.

திருகோணமலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாகப் படிக்கும் இடத்தில் தீர்மானத்தை இரு மொழியிலும் அதே கூட்டத்தில் எழுதி, இரண்டையும் வாசித்து, இரு தரப்பும் 'இதுதான் நாங்கள் சொன்னது' என்று ஏற்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிளவு அங்கேதான் தொடங்கும். மௌனத்தில் நமக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. எந்த மதத்தின் வழிபாட்டோடு நிகழ்ச்சியைத் தொடங்குவது என்ற இழுபறிக்கு அங்கே வேலையில்லை. அவரவர் தம் இறைவனை நினைத்தபடி ஒரே மண்டபத்தில் இருக்கலாம்.

ஏர்ல்ஹாமில் மாணவர் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அதை நாம் எடுக்கத் தேவையில்லை. 'சேர்', 'மிஸ்' என்பதில் இருக்கும் மரியாதை நமக்கு இயல்பானது. ஜூனியர் சீனியரைக் கும்பிட வேண்டும் என்பதுதான் இயல்பற்றது.

படிப்பிலும் இறுதியாண்டுக்கு அவர்கள் கனமான வேலை கொடுக்கிறார்கள். ஹாவர்ஃபோர்ட்டில் எத்துறை மாணவரானாலும் இறுதியாண்டு ஆய்வு செய்தாக வேண்டும். ஸ்வார்த்மோரில் 1922இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களை இறுதியில் பரீட்சிப்பவர்கள் வேறு நிறுவனங்களிலிருந்து வரும் அறிஞர்கள். எழுத்தோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. புள்ளியிடுவது வெளியார் என்பதால் சொந்த ஆசிரியர் மாணவரின் பக்கம் நின்று உழைக்கிறார்.

பிரின் மார் பெண்கள் கல்லூரியின் விளக்கு இரவு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். இரவில் கறுப்பு அங்கி அணிந்து கூடி, இரண்டாம் ஆண்டு மாணவியர் புதியவர் ஒவ்வொருவருக்கும் விளக்கொன்றைக் கையளிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் சேரும் அணிக்குக் கருநீலம், இளநீலம், பச்சை, சிவப்பு என்ற நான்கில் ஒரு நிறம். வெசாக் கூடும் கார்த்திகை விளக்கீடும் உள்ள ஊருக்கு இதைக் கற்பிக்கத் தேவையில்லை. செலவும் இல்லை: வாய் அகன்ற ஜாம் போத்தல், கழுத்தில் இறுக்கிய கம்பிக் கைபிடி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல், நடுவில் குட்டை மெழுகுதிரி. சுடர் போத்தலின் வாய்க்கு இரண்டு அங்குலமாவது கீழே இருக்கட்டும். திரி சரிந்து சுடர் பக்கத்தில் பட்டால் கண்ணாடி வெடிக்கும். மூடி போட்டால் காற்றின்றி அணையும். நிறக் கண்ணாடித்தாளை வெளிப்புறத்தில், வாய்க்குக் கீழாக மட்டும் ஒட்ட வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையையும், ஆண்டின் நடுவில் வீசும் கச்சான் காற்றையும் தவிர்த்து மாசி, பங்குனியில் வைத்தால் கடற்கரை வளாகத்திலும் விளக்கு நிற்கும்.

அதே கல்லூரியில் இறுதியாண்டு மாணவியர் கடைசி வேலையை முடித்ததும் டெய்லர் மண்டபத்து மணியை அடிப்பார்கள். நமக்குப் பழைய பாடசாலைகளில் தொங்கும் தண்டவாளத் துண்டு போதும். ஆய்வறிக்கையைக் கையளித்த கையோடு அவரவர் வந்து அடிக்கட்டும். கேட்கும் ஜூனியர்கள் தமக்கும் ஒருநாள் அந்த முறை வரும் என்று எண்ணுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க முனைந்தால் ஒன்றும் நிலைக்காது. மாணவர் ஒன்றியம் அடுத்த பொதுக்கூட்டத்தைக் குவேக்கர் கூட்ட முறையில் ஒரு தடவை நடத்திப் பார்க்கட்டும். அதில் எடுக்கும் முதல் விடயம், புதிய அணியை வரவேற்கும் விதிகளாக இருக்கட்டும். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒரு மண்டபத்தின் திறப்பு மட்டுமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை